பூனை, கூச்சிங், கேட்: ஒரு சொல்லா, மூன்றா?

ஜார்ஜ்டவுனில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். வீட்டில் பாட்டியோடு தமிழ், பகலில் குழந்தைப் பராமரிப்பு மையத்தில் மலாய், கைப்பேசிக் காணொளியில் ஆங்கிலம். பிள்ளை சரியாகப் பேசவில்லையே என்று அம்மாவுக்குக் கவலை. மருத்துவமனையில், மூத்தவரின் மேற்பார்வையில் பயிற்சி பெறும் உளவியலாளர் ஒருவர் குழந்தைக்கு எதிரே தரையில் அமர்கிறார்.

குழந்தைக்கு ஆங்கிலத்தில் 15 சொற்கள் தெரிகின்றன. இரண்டு வயதில் ஏறக்குறைய 50 சொற்கள் வரவேண்டும் என்பது பொதுவான அளவுகோல். அப்படியானால் பெரிய பின்னடைவுதான். ஆனால், பாட்டியைக் கேட்டால் தமிழில் 30, பராமரிப்பாளரைக் கேட்டால் மலாயில் 20. மொத்தம் 65! ‘பூனை’, ‘கூச்சிங்’, ‘கேட்’ போல ஒரே பொருளுக்குத் திரும்ப வரும் சொற்கள் 10 என்று கழித்தாலும், 55 பொருள்களுக்குக் குழந்தை பெயர் சொல்கிறது. எண்ணும் முறை மாறியதும் முடிவும் மாறிவிட்டது.

இந்தக் கணக்கு பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றில் சான்று உண்டு. உதவி தேவைப்படும் பள்ளிக் குழந்தைகளைக் கண்டறிய 1905இல் பாரிஸில் ஆல்ஃபிரெட் பினே, தியோடோர் சிமோன் இருவரும் ஓர் அறிவுத்திறன் சோதனையை உருவாக்கினார்கள். அது அமெரிக்காவுக்குப் போனது. நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் கப்பலிலிருந்து இறங்கிய குடியேறிகளை ஹென்றி கொடார்ட் அத்தகைய சோதனைகளால் அளந்து, பலரை அறிவு குறைந்தவர்கள் என்றார். பயணக் களைப்பும் அயல்மொழியும் அவர் கணக்கில் உரிய இடம் பெறவில்லை.

அதற்காக, ‘மூன்று மொழி, அதுதான் குழம்புகிறது’ என்று காத்திருப்பதும் தவறு. உண்மையான பின்னடைவு எல்லா மொழிகளிலும் தெரியும். மொழியே தேவைப்படாத இடத்திலும் தெரியலாம். அதனால் பயிற்சியாளர் சோப்புக் குமிழி ஊதிவிட்டுச் சட்டென்று நிறுத்துகிறார். குழந்தை அவர் முகத்தைப் பார்க்கிறதா, கையை நீட்டுகிறதா?

விரலால் சுட்டுவதில் இரண்டு வகை உண்டு. பிஸ்கட் வேண்டும் என்று சுட்டுவது ஒன்று. ஃபெர்ரியைக் காட்டிவிட்டு, ‘நீங்களும் பார்த்தீர்களா?’ என்பதுபோல அம்மா பக்கம் திரும்புவது இன்னொன்று. ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் இந்த இரண்டாவது வகை குறைவாக இருக்கக்கூடும். எம்-சாட் என்ற வினாப்பட்டியலில் இவை தனித்தனிக் கேள்விகள். நம் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளில் 18 மாதக் குழந்தைகளுக்கு எம்-சாட் பயன்படுகிறது. அது ஒரு வடிகட்டி மட்டுமே. அதை வைத்து ஆட்டிசம் என்று முடிவு கட்ட முடியாது. காது கேட்கிறதா என்பதையும் தனியே சோதிக்க வேண்டும்.

“தமிழை விட்டுவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசலாமா, சார்?” என்று என்னிடம் கேட்ட பெற்றோர் உண்டு. பல மொழி கேட்டு வளர்வது பேச்சுப் பின்னடைவையோ ஆட்டிசத்தையோ உண்டாக்குவதாக ஆய்வுகள் காட்டவில்லை. தமிழை நிறுத்தினால், அதிகம் பேச்சுக் கொடுக்கும் பாட்டியை வாயடைக்கச் செய்வோம். எனக்கு அது நல்ல யோசனையாகத் தெரியவில்லை.

பயிற்சியாளர் தாமாக எதையும் அறிவித்துவிட முடியாது. மலேசியாவில் மருத்துவ உளவியலாளர் பணி, 2016ஆம் ஆண்டுத் துணை சுகாதாரத் தொழில் சட்டத்தின் கீழ் வருகிறது. தம் குறிப்புகளை அவர் மேற்பார்வையாளரிடம் கொண்டுபோகிறார். அடுத்த சந்திப்புக்குப் பாட்டியையும் அழைத்து வரும்படி அம்மாவிடம் சொல்லி அனுப்புகிறார்.