உஷார்! சுகமான சயரோகம் திரும்ப வருகிறது

ஒருகொடவத்தை, கிராண்ட்பாஸ், வெல்லம்பிட்டிப் பக்கம் இருக்கிறவர்களே, வீட்டில் யாருக்காவது முந்தி சயரோகம் வந்து மருந்தெடுத்துச் சுகமாகியிருந்தால், இது உங்களுக்குத்தான். அதே ஆளுக்கு அது திரும்ப வரலாம். அப்படி வருவது பெரும்பாலும் மருந்து முடிந்த முதல் ஒரு வருடத்துக்குள். நாட்டில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோருக்குச் சயரோகம் கண்டுபிடிக்கப்படுகிறது. மாவட்டங்களில் கொழும்புதான் முதலிடம்.

சிகிச்சை 6 மாதம். முதல் 2 மாதம் நாலு மருந்து, மிச்ச 4 மாதம் இரண்டு. சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், வயிற்றைக் குமட்டும். ஆனால் 6 மாதம் முடியுமுன்னே இருமல் நின்று, பசியெடுத்து, உடம்பும் தேறிவிடும். ஆபத்து அங்கேதான். கன்டெய்னர் யார்டில் நாட்கூலிக்குப் போகிறவருக்கு கிளினிக் நாள் என்றால் சம்பளமில்லாத நாள். "இப்ப நல்லாத்தானே இருக்கிறன், இனி எதுக்கு மருந்து?" என்று நிறுத்திவிடுகிறார். நுரையீரலில் பதுங்கிய கிருமி பிறகு எழும்பும். மருந்துக்கு அடங்காத கிருமியாகவும் எழும்பும். மருந்தை அரசாங்கம் இலவசமாகத்தான் தருகிறது. போன கூலியை யார் தருவது?

முழுதாக எடுத்து முடித்தவர்களும் அசட்டையாக இருக்க முடியாது. சீனி வருத்தம் கட்டுப்படாதவர், சிகரெட்டும் கசிப்பும் விடாதவர், சாப்பாடு போதாமல் மெலிந்தவர், எச்.ஐ.வி. உள்ளவர், முதல் தடவையே எக்ஸ்ரேயில் நுரையீரலில் குழி தெரிந்தவர், 2 மாதம் மருந்தெடுத்த பின்னும் சளியில் கிருமி காட்டியவர் எல்லோருக்கும் ஆபத்து கூட. சிலவேளை பழையது எழும்புவதில்லை, புதிதாகவே தொற்றும். காற்றோட்டமில்லாத ஒற்றை அறையில் ஆறேழு பேர் படுக்கும் தோட்ட வீடுகளில் அதற்கு வழி தாராளம். அதனால்தான் ஒருவருக்கு வந்தால் வீட்டார் எல்லோரையும் பரிசோதிக்கச் சொல்கிறார்கள்.

இரண்டு கிழமைக்கு மேல் இருமலா? பின்னேரக் காய்ச்சல், இரவு வியர்வை, சளியில் இரத்தமா? பார்மசியில் இருமல் பாணியும் அன்டிபயோட்டிக் கார்டும் வாங்கி நாளைக் கடத்தாதீர்கள். லிவோஃப்ளொக்சசின் போன்றவை கிருமியைக் கொஞ்ச நாள் அமுக்கி நோயை மறைத்துவிடும். நேரே மார்பு நோய் கிளினிக்குக்குப் போங்கள். "எனக்கு முந்தியும் வந்தது" என்பதை முதல் பேச்சாகச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். அதைக் கேட்டால்தான் கிருமி ரிஃபாம்பிசின் என்ற சயரோக மருந்துக்கு அடங்குமா என்று ஜீன்எக்ஸ்பர்ட் பரிசோதனையில் பார்ப்பதில் டொக்டர் அவசரம் காட்டுவார். பழைய கிளினிக் அட்டை வீட்டில் கிடந்தால் அதையும் கையோடு கொண்டுபோங்கள்.