பிடரி நரம்பு நரம்பல்ல

நாற்பது வருடம் வெற்றிலை போட்ட என் மாமாவுக்குக் கன்னத்தின் உட்பக்கத்தில் புற்றுநோய். பாக்கு, புகையிலை சேராமலேயே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட தொகுதி சொல்கிறது. அது அவருக்குத் தெரியாது. நோயுள்ள சதையை வெட்டியெடுத்து, அந்த இடத்தை இடது முன்கைத் தோலால் மூடலாம் என்றார் வைத்தியர். மாமா மறுத்துவிட்டார்.

“கை நரம்ப வெட்டினா கை விளங்காம போயிரும் மகன். எனக்கு வேணாம்.”

தமிழ் படிப்பிக்கிற எனக்குப் பிசகு எங்கே என்று விளங்கியது. ஊசி போடும்போது “நரம்பு பிடிபடல்ல” என்கிறோம். குர்ஆனில் வரும் ‘வரீத்’ என்ற சொல் இரத்தக் குழாயைக் குறிப்பது. அதையும் தமிழில் ‘பிடரி நரம்பு’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். பாடசாலை விஞ்ஞான நூலோ மூன்றையும் பிரித்துச் சொல்கிறது. இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுபோவது நாடி. திருப்பிக் கொண்டுவருவது நாளம். உணர்ச்சிக்கும் அசைவுக்கும் உரியது நரம்பு.

மெல்லிய தோலைச் சீவி ஒட்டினால் அடியிலுள்ள சதையிலிருந்து உயிர் பிடித்துக்கொள்ளும். தடித்த துண்டு அப்படிப் பிழைக்காது. அதற்கென்று ஒரு நாடியும் நாளமும் வேண்டும். அவற்றோடு சேர்த்து எடுக்கும் துண்டைத்தான் ‘பிளெப்’ என்கிறார்கள். ஆகவே, எங்கே வெட்டலாம் என்பதைத் தீர்மானிப்பது இரத்தக் குழாயின் பாதைதான்.

முன்கைப் பிளெப்பை 1981இல் சீன வைத்தியர்கள் எழுதி வெளியிட்டார்கள். பெருவிரல் பக்கத்து நாடியில் அது தங்கியிருக்கிறது. அதை எடுத்தால் கைக்கு இரத்தம்? சின்னவிரல் பக்கம் இன்னொரு நாடி உண்டு. பெரும்பாலானோருக்கு இரண்டும் உள்ளங்கையில் வில் போல் இணைகின்றன. அடுத்த கிளினிக்கில் வைத்தியர் அதை மாமாவின் கையிலேயே காட்டினார். கையைப் பொத்தச் சொல்லி, மணிக்கட்டில் இரு நாடிகளையும் அழுத்தினார். விரித்தபோது உள்ளங்கை வெளிறிக் கிடந்தது. சின்னவிரல் பக்கத்தை மட்டும் விட்டார். சில விநாடிகளில் சிவந்துவிட்டது. மாமா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பல்லைக் கடித்தால் தாடையில் திரளும் தசைக்குச் சற்று முன்னால், தாடை எலும்பின் கீழ் விளிம்பில் விரல் வைத்தால் முகநாடி துடிப்பது தெரியும். பிளெப்பின் நாடியைப் பெரும்பாலும் கழுத்தில் அதனோடு இணைக்கிறார்கள். குழாய்கள் இரண்டு, மூன்று மில்லிமீற்றர் அகலம். நுணுக்குக்காட்டிக்குக் கீழே தலைமயிரிலும் மெல்லிய நூலால் தையல். நாளத்தை, நாம் பிடரி நரம்பு என்று சொல்கிற அந்தக் கழுத்துப் பெருநாளத்தோடு அல்லது அதன் கிளையோடு தைக்கிறார்கள்.

கழுத்துக் குழாய்கள் கெட்டிருந்தால் மார்புத் தசையைப் பயன்படுத்தலாம். 1979இல் ஆரியன் என்பவர் விவரித்த முறை அது. காறை எலும்புக்குக் கீழிருந்து வரும் குழாயை அறுக்காமலே தசையை மேலே திருப்பலாம்.

முதல் சில நாட்கள் தாதியர் அடிக்கடி வந்து பிளெப்பின் நிறம் பார்ப்பார்கள். வெளிறிக் குளிர்ந்தால் நாடியில் அடைப்பு. நீலம் பாரித்து வீங்கினால் நாளத்தில் அடைப்பு. உடனே திரும்பவும் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

மாமா சம்மதித்தார். இன்று முன்கையில் ஒரு பெரிய தழும்பு, பெருவிரலடியில் கொஞ்சம் மரத்துப்போன இடம். அந்தக் கையால்தான் பேரப்பிள்ளையைத் தூக்குகிறார். ஒரு சொல் தெளிவானதால் கிடைத்த சம்மதம் அது. நோயாளிக்குப் பக்கத்தில் நிற்கும்போதாவது நாம் நாடியை நாடி என்றும், நாளத்தை நாளம் என்றும் சொல்லுவோம்.