வயர் இல்லை... வம்பு உண்டு!

சனிக்கிழமை ராத்திரி எட்டரை மணி. திருப்புலிவனத்தில் அக்கா வீட்டுக் கூடத்தில் ஐந்து பேர் ஒரு பிரிண்டரைச் சுற்றி நின்றுகொண்டிருந்தோம். ஐ.சி.யூ. வாசலில் நிற்கும் சொந்தக்காரர்கள் மாதிரி யார் முகத்திலும் ஈயாடவில்லை!

விஷயம் இதுதான். மறுநாள் காலை அக்கா பெண்ணுக்குக் காஞ்சிபுரத்தில் சர்க்கார் வேலைக்கான போட்டித் தேர்வு. இரண்டு வருஷமாக ராத்திரி பகல் பார்க்காமல் படித்தவள். ஹால் டிக்கெட் போனில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் தேர்வுக் கூடத்தில் காகிதம்தான் செல்லும். காலை ஆறு மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்துக்கு உத்திரமேரூரிலும் சரி, காஞ்சிபுரத்திலும் சரி, எந்த ஜெராக்ஸ் கடைக்காரர் ஷட்டரைத் தூக்குவார்?

"அதான் வீட்டுலயே பிரிண்டர் இருக்கே... கடைசி நிமிஷத்துல எடுத்துக்கலாம்னு விட்டுட்டேன் மாமா" என்றாள் அக்கா பெண். குரல் லேசாக உடைந்தது.

பிரிண்டர் இருந்தது, ஸார். இரண்டு மாசத்துக்கு முன் வாங்கியது. அட்டைப் பெட்டியில் 'வயர்லெஸ்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அந்த வார்த்தையை நம்பி, கூடவே வந்த வயரைத் தூக்கிப் பரண் மேல் போட்டுவிட்டார் மாமா. அங்கே எலி அதைப் பதம் பார்த்துவிட்டது. அது எலியின் தப்பில்லை.

நான் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்ப்பவன். ஆபீஸில் வேலை பார்ப்பவன் என்றாலே எல்லா மெஷினும் தெரியும் என்று கிராமத்தில் ஒரு நம்பிக்கை. அதைக் கெடுக்க மனசில்லாமல் போனை வாங்கினேன். ஹால் டிக்கெட்டைத் திறந்து 'பிரிண்ட்' என்று தட்டினேன். வட்டம் சுற்றியது. சுற்றியது... சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் 'பிரிண்டர் எதுவும் கிடைக்கவில்லை' என்றது. அரை அடி தூரத்தில் கொழுக்கட்டை மாதிரி உட்கார்ந்திருக்கிறது பிரிண்டர். கிடைக்கவில்லையாம்!

மாமா ரவுட்டரைக் காட்டினார். சாயந்தரம் பெய்த மழையில் எங்கோ கேபிள் அறுந்திருக்க வேண்டும். சிவப்பு லைட் கண்ணடித்துக்கொண்டிருந்தது. "நெட்டே இல்லையேப்பா. நெட் இல்லாம எப்படி பிரிண்ட் வரும்?" என்றார். நானும் பெரிய மனுஷன் தோரணையில் தலையாட்டினேன்.

அங்கேதான் நாங்கள் எல்லோரும் தப்புப் பண்ணினோம். படிக்கிற உங்களில் முக்கால்வாசிப் பேரும் இதையேதான் நினைத்துக்கொண்டிருப்பீர்கள் என்று பந்தயம் கட்டுகிறேன்.

வைஃபை வேறு, இன்டர்நெட் வேறு. வைஃபை என்பது வீட்டுக்குள் ஓடுகிற தெரு. இன்டர்நெட் என்பது ஊரைவிட்டு வெளியே போகிற ஹைவே. ஹைவேயில் மரம் விழுந்தால் சென்னைக்குப் போக முடியாது, வாஸ்தவம். அதற்காக எதிர் வீட்டுக்குக் காபிப் பொடி கடன் வாங்கக்கூடப் போக முடியாதா என்ன? ஃபைல் ஏற்கெனவே போனுக்குள் வந்துவிட்டால், அது பிரிண்டருக்குப் போவதற்கு நெட் ஒரு பொட்டுகூட வேண்டியதில்லை.

இதை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது யார் தெரியுமா? பக்கத்து வீட்டு எட்டாம் வகுப்புப் பையன்! கூட்டத்தைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தவன், "அண்ணா, இதுக்கு எதுக்கு நெட்டு?" என்று கேட்டுவிட்டு, பிரிண்டரில் 'ஐ' என்று போட்ட பட்டனை அழுத்திப் பிடித்தான். கிர்... கிர்ர்... ஒரு காகிதம் வந்தது! அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

நாலு கிலோமீட்டர் சுற்றுவட்டாரத்துச் சரித்திரத்தை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், அதாவது சுமார் 1,100 வருஷத்துக்கு முன், குடவோலைத் தேர்தலுக்கான விதிமுறைகளை வெட்டிவைத்திருக்கிறார்கள். ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, பெயர் எழுதிய ஓலைகளைக் குடும்பு வாரியாகக் கட்டி, எந்தக் கட்டு எந்தக் குடும்புக்கு என்று தெரிய மேலே ஒரு வாயோலை வேறு. ஓலையைக் குடத்திலிருந்து எடுக்கப் பெரியவர்களைக் கூப்பிடவில்லை. ஒரு சின்னப் பையனைத்தான் கூப்பிட்டார்கள்! எங்கள் வட்டாரத்தில் சிக்கலான காரியத்துக்குப் பொடியனைக் கூப்பிடும் வழக்கம் பழசுதான் போலிருக்கிறது.

பொடியன் எடுத்த ஓலைக்கு வருவோம். பிரிண்டர் தன் ஜாதகத்தையே அச்சடித்துத் தந்திருந்தது. தான் எந்த வைஃபையில் இருக்கிறேன், தன் விலாசம் என்ன, எல்லாம் அதில் உண்டு. படித்துப் பார்த்தால்... நெட்வொர்க் என்ற இடத்தில் 'மாஸ் மச்சி' என்று இருந்தது!

யாரடா இந்த மாஸ் மச்சி? யோசித்துப் பார்த்ததில் பிடிபட்டது. பிரிண்டரைக் கொண்டுவந்து இறக்கிய கடைப் பையன், "வேலை செய்யுது பாருங்க" என்று தன் போன் ஹாட்ஸ்பாட்டில் கோத்து ஒரு பக்கம் எடுத்துக் காட்டிவிட்டுப் போனான். அவன் போய் இரண்டு மாசமாகிறது. இந்தப் பைத்தியம் இன்னமும் மாஸ் மச்சியையே தேடிக்கொண்டிருக்கிறது! நம் வீட்டு வைஃபை பக்கத்திலேயே இருந்தும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. (இப்படிப்பட்ட காதலர்களை எனக்குத் தெரியும். அது வேறு கட்டுரை.)

வாயோலையே மாறிக் கிடக்கிறது, பாருங்கள். போன் ஒரு குடும்பில், பிரிண்டர் வேறு குடும்பில். போன் என்ன செய்கிறது என்றால், தான் இருக்கிற தெருவில் நின்று "இங்கே பிரிண்டர் யாராவது இருக்கீங்களா?" என்று ஒரு கூப்பாடு போடுகிறது. அதே தெருவில் பிரிண்டர் இருந்தால், "இருக்கேன், என் பேர் இது, கலர் வரும், ஏ4 காகிதம் போட்டிருக்கு" என்று பதில் சொல்லும். அப்புறம் போன் நம் பக்கத்தைப் பிரிண்டருக்குப் புரிகிற வடிவத்தில் மாற்றி, 631-ம் நம்பர் கதவைத் தட்டி உள்ளே தள்ளும். இவ்வளவுதான் சமாசாரம். 'கிடைக்கவில்லை' என்று போன் சொன்னால், பத்துக்கு ஒன்பது தடவை மெஷினில் கோளாறு கிடையாது. இரண்டும் வேறு வேறு தெருவில் நிற்கின்றன.

பையனுக்கு ஒன்பது மணிக்குத் தூங்கப் போகணுமாம். அவசரமாகக் குறுக்கு வழியில் இறங்கினான். அந்த ஜாதகக் காகிதத்திலேயே 'வைஃபை டைரக்ட்' என்று ஒரு பெயரும் பாஸ்வேர்டும் இருந்தன. ரவுட்டரே இல்லாமல் பிரிண்டர் தானே ஒரு குட்டி வைஃபை போடும் ஏற்பாடு இது. 2010-லிருந்து இந்த வசதிக்கு உலக அளவில் முத்திரை குத்திக் கொடுக்கிறார்கள். போனில் வைஃபை பட்டியலைத் திறந்தால் 'டைரக்ட்' என்று ஆரம்பிக்கிற ஒரு நீளமான பெயர் தெரியும். அதைத் தட்டி, பாஸ்வேர்டைப் போட வேண்டியதுதான்.

போட்டோம். போன் உடனே, 'இந்த வைஃபையில் இன்டர்நெட் இல்லை, தொடரலாமா?' என்று ஒரு கேள்வி கேட்டது. நான் அவசரத்தில் 'வேண்டாம்' என்று தட்டிவிட்டேன். பையன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... அப்ரைசல் நேரத்தில் மேனேஜர்கூட அப்படிப் பார்த்ததில்லை. "இருக்கட்டும்னு குடுக்கணும்ணா!" என்றான். சில போன்கள் நம்மைக் கேட்காமலேயே மொபைல் டேட்டா பக்கம் தாவிவிடும். ஐந்து நிமிஷம் டேட்டாவை அணைத்துவிட்டால் வம்பில்லை.

மறுபடி பிரிண்ட். வட்டம் சுற்றியது... பிரிண்டர் பெயர் வந்தது! தட்டினேன். காகிதம் உள்ளே போய் வெளியே வந்தது. அக்கா பெண்ணின் போட்டோவில் மூக்குக்குக் குறுக்கே வெள்ளைக் கோடு!

இரண்டு மாசம் சும்மா கிடந்தால் இங்க் காய்ந்துபோய் நுனியை அடைத்துக்கொள்ளும். 'ஹெட் கிளீனிங்' இரண்டு தடவை ஓட்டியதும் மூக்கு முழுசாக வந்தது. கிளீனிங்குக்கும் இங்க்தான் செலவாகிறது. அதனால் வாரத்துக்கு ஒரு கலர் பக்கம் எடுத்துவிடுங்கள், பால் கணக்கையாவது.

ஒன்பதேகாலுக்கு ஹால் டிக்கெட் சாமி படத்துக்கு முன்னால் போய்விட்டது. அக்கா பெண் அதற்கப்புறம்தான் சாப்பிட உட்கார்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் பரீட்சைக்குப் போயிருந்தபோது நான் பிரிண்டரை வீட்டு வைஃபையில் நிரந்தரமாகக் குடியேற்ற உட்கார்ந்தேன். அதில் இன்னொரு கூத்து. ரவுட்டரில் இரண்டு பெயர் தெரிந்தது. ஒன்று சாதாரணம், இன்னொன்றின் வாலில் '5ஜி'. "5ஜிதான் ஸ்பீடு, அதுல போடு" என்றார் மாமா. அந்த '5ஜி'க்கும் செல்போன் டவரின் 5ஜிக்கும் ஸ்நானப்ராப்தி கிடையாது! ரவுட்டரில் இருப்பது 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. வேகம் ஜாஸ்தி, சுவர் தாண்டுகிற தெம்பு குறைச்சல். வீட்டு உபயோகப் பிரிண்டர்களில் நிறைய, 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரிந்த பழைய காலத்து ஆசாமிகள். அவற்றின் கண்ணுக்கு '5ஜி' தெரியவே தெரியாது. பிரிண்டரைச் சாதாரணப் பெயரில் சேருங்கள். போன் 5-ல் இருந்தாலும் பரவாயில்லை, இரண்டும் ஒரே ரவுட்டரின் ஒரே வீடு என்றால் பேசிக்கொள்ளும்.

ஆனால் 'கெஸ்ட்' வைஃபையில் மட்டும் போனைப் போடாதீர்கள். விருந்தாளிகள் நெட் பார்க்கலாம், ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது என்பது அங்கே சட்டம். ஆபீஸில் உங்கள் போனுக்குப் பிரிண்டர் தெரியாமல் இருப்பதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். ஐ.டி. டிபார்ட்மென்ட் மேல் கோபப்படாதீர்கள், வேண்டுமென்றேதான் செய்திருக்கிறார்கள்!

பிரிண்டரைச் சேர்ப்பது கஷ்டமில்லை. அதைத் தயாரித்த கம்பெனியின் ஆப் ஒன்றைப் போனில் இறக்கினால் அது கையைப் பிடித்துக் கூட்டிப்போகும். ஒரு தடவை சேர்த்துவிட்டால், அப்புறம் ஆப்கூடத் தேவைப்படாது. ஐபோனில் 2010 நவம்பரிலிருந்தே 'ஏர்பிரிண்ட்' உண்டு. ஆண்ட்ராய்டுக்காரர்கள் வெகுநாள் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு துணை ஆப் என்று அல்லாடினார்கள். 2013-ல் கேனன், ஹெச்.பி., சாம்சங், ஜெராக்ஸ் நாலு பேரும் சேர்ந்து 'மோப்ரியா' என்று ஒரு பொதுப்பாஷை அமைப்பை ஆரம்பித்தார்கள். 2017-ல் வந்த ஆண்ட்ராய்டு 8-லிருந்து அச்சடிக்கும் சேவை போனுக்குள்ளேயே குடியிருக்கிறது. செட்டிங்ஸில் 'பிரிண்டிங்' என்று தேடி, அது 'ஆன்' ஆகியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் கூகுள் 'கிளவுட் பிரிண்ட்' என்று ஒன்றை நடத்தி, 2020 டிசம்பர் 31-ம் தேதியோடு கடையைக் கட்டிவிட்டது. பழைய குறிப்பு எதையாவது பார்த்து இன்னும் அதைத் தேடுபவர்கள் மன்னிக்கவும்.

'இத்தனை வம்பு எதற்கு, வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கடைக்காரர் பத்து ரூபாய்க்கு எடுத்துத் தருகிறாரே' என்பீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். சென்ற வருஷம் ஒரு கடையில், "உங்க ஃபைலை நீங்களே எடுங்க ஸார்" என்று கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார்கள். ஃபோல்டரைத் திறந்தால் ஊரே உள்ளே இருந்தது! யாருடைய ஆதாரோ, யாருடைய பான் கார்டோ, ஒரு பெண்ணின் ஸ்கேன் ரிப்போர்ட், யாருடைய பாங்க் பாஸ்புக்கோ... யாரும் அழிக்கவில்லை. என் ஆதாரும் போன மாசத்திலிருந்து அங்கேயேதான் கிடந்தது. கடைக்காரர் கெட்டவர் இல்லை, அழிக்க அவருக்கு நேரமில்லை. கடையில்தான் எடுத்தாக வேண்டுமென்றால், கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரிகிற 'மாஸ்க்டு' ஆதாரை ஆதார் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். வேலை முடிந்ததும் உங்கள் ஃபைலை உங்கள் கண் முன்னாலேயே அழிக்கச் சொல்லுங்கள். கூச்சப்படாதீர்கள்.

வீட்டுப் பிரிண்டரிலும் ஒரு ஜாக்கிரதை வேண்டும். வைஃபை டைரக்ட் பாஸ்வேர்டு சில மெஷின்களில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எட்டு வரைக்கும் எண்ணுகிற கணக்காக இருக்கும். அதை மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் எதிர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை உங்கள் இங்க்கில் வரும்!

திருப்புலிவனத்துக்குப் பெயர் கொடுத்த வியாக்ரபாதர், வண்டு மொய்க்கும் முன் மரமேறிப் பூப்பறிக்கப் புலிக்கால் வாங்கிய முனிவர் என்பது புராணம். நெட் போன ராத்திரிகளில், டவர் சிக்னலுக்காகக் கையில் போனோடு மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் ஏறும் எங்கள் ஊர்ப் பையன்களுக்கும் அந்தக் கால் தேவைப்படுகிறது. பிரிண்ட் எடுக்க மட்டும் வேண்டாம். கூடத்திலேயே உட்கார்ந்து எடுக்கலாம்.

மத்தியானம் இரண்டு மணிக்கு அக்கா பெண் திரும்பி வந்தாள். "எப்படி எழுதினே?" என்று கேட்டால், "கணக்குல மட்டும் நாலு தப்பு மாமா" என்று சொல்லிவிட்டு நேரே பிரிண்டரிடம் போனாள். அடுத்த தேர்வுக்கான பாடத்திட்டம் போனில் இருந்தது. 'பிரிண்ட்' தட்டினாள். வட்டம் ஒரே ஒரு சுற்றுதான் சுற்றியது.

வாசலில் செருப்புச் சத்தம். பக்கத்து வீட்டுப் பொடியனின் பாட்டி, கையில் போனோடு நின்றுகொண்டிருந்தார்.

"ஏம்மா, இங்க பட்டா காப்பி எடுத்துத் தராங்களாமே... பக்கத்துக்கு எவ்ளோ?"