காலுக்குள் அடைபட்ட வழி

வலி சொல்லும் சேதி

நாலு தெரு நடப்பதற்குள் கெண்டைக்கால் சதை கயிறு போட்டு முறுக்கினாற்போல் இறுகி, திண்ணையொன்றில் சற்றே உட்கார்ந்ததும் வலியின் சுவடே தெரியாமல் மறைந்து, எழுந்து நடந்தால் அதே தூரத்தில் மறுபடியும் வந்து பிடித்துக்கொள்கிறதென்றால், அதை மூப்பென்றும் வாதமென்றும் தள்ளிவிடலாகாது. காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியில் கொழுப்பும் சுண்ணமும் படிந்து வழி குறுகிவிட்டதன் லட்சணமாக அது இருக்கக்கூடும். கணுக்காலின் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்து வருவது 0.9-க்குக் குறைந்தால் அடைப்பென்று கொள்வார்கள். (நீரிழிவுக்காரர்களுக்குத் தமனிச் சுவரே விறைத்துப்போவதால் இந்தக் கணக்குப் பொய்ப்பதும் உண்டு.) நடக்கும்போது மட்டும் வலி காண்பவர்களில் பெரும்பாலோருக்குப் புகையை விடுவதும், மருந்தும், முறையான நடைப்பயிற்சியுமே முதற்சிகிச்சை. படுக்கையிலும் பாதம் வலித்து, காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால்தான் தூக்கம் என்றாகி, விரலில் ஆறாத புண்ணும் கண்டுவிட்டாலோ, தாமதிக்க நேரமில்லை.

துளை வழியே

1964 ஜனவரியில், அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில், பாதம் அழுகத் தொடங்கியும் காலை வெட்டச் சம்மதியாத 82 வயது மூதாட்டி ஒருவருக்கு, சார்லஸ் டாட்டர் என்ற கதிர்ப்பட நிபுணர், தொடைத் தமனிக்குள் மெல்லிய குழாயொன்றைச் செலுத்தி, அதன்மேலேயே பருத்த குழாயை வழுக்கிவிட்டு, குறுகிய இடத்தை விரித்தார். அம்மூதாட்டி மரணபரியந்தம் தம் சொந்தக் காலிலேயே நடந்தார். பின்னர் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் என்ற மருத்துவர், குறுகிய இடத்தில் ஊதி விரிக்கும் பலூனைக் கொணர்ந்தார். விரித்த இடத்தைத் தாங்கிநிற்கும் ஸ்டென்ட் வலைக்குழாயும் வந்தது. தொடை மடிப்பில் மரத்துப்போகச் செய்யும் ஊசி, சிறு துளை, பெரும்பாலும் ஓரிரு நாளில் வீடு. ஆயினும் விரித்த இடம் மீண்டும் குறுகுவதே இந்த முறையின் பெருங்குறை.

நாளத்தைத் திருப்பி வைத்து

இதற்கும் முன்பே, 1948-இல், பாரிஸில் ழான் குன்லின் என்ற மருத்துவர், நோயாளியின் சொந்தக் கால் நாளத்தையே (சிரையை) எடுத்து, அடைப்பைத் தாண்டி மேலும் கீழும் தமனியோடு தைத்து, ரத்தத்துக்கு மாற்றுவழி அமைத்தார். நாளத்துக்குள் ரத்தம் இதயத்தை நோக்கி மட்டுமே செல்லும்படி சிறு கதவுகள் இருப்பதால், அதைத் தலைகீழாகத் திருப்பி வைத்தால் ரத்தம் தடையின்றிப் பாதத்தை நோக்கி இறங்கும். இந்த நுட்பத்தை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பு மேலிடுகிறது. பைபாஸ் எனப்படும் இந்தச் சஸ்திர சிகிச்சை நெடுநாள் உழைக்கும். ஆனால் மயக்கமருந்து, நீண்ட காயம், அதில் சீழ்பிடிக்கும் அபாயம், இருதயத்துக்குச் சிரமம் எல்லாம் இதோடு வரும்.

எதைத் தேர்வது?

கால் பறிபோகும் தறுவாயிலிருந்த சுமார் 1,800 பேரை ஆராய்ந்து 2022-இல் வெளியான ஒரு பரீட்சை, நல்ல நாளம் உள்ளவர்களுக்குத் துளைவழிச் சிகிச்சையைவிடப் பைபாஸே மேல் என்றும், அந்த நாளம் இல்லாதவர்களுக்கு இரண்டிலும் பெரிய பேதமில்லை என்றும் கண்டது. அடுத்த ஆண்டே, முழங்காலுக்குக் கீழுள்ள அடைப்புக்குச் சிகிச்சை பெற்றோரிடம் பிரிட்டனை மையமாகக் கொண்டு நடந்த மற்றொரு பரீட்சையில், முதலில் பலூனை நாடியவர்களே காலோடும் உயிரோடும் அதிகம் மிஞ்சினார்கள். ஆகவே எது உயர்ந்தது என்று வாதாடுவதைவிட, அடைப்பு எங்கே, இருதயம் தாங்குமா, நாளம் நன்றாயிருக்கிறதா என்று கேட்பதே உசிதம் என்பது என் கட்சி. நாளத்தை ஸ்கேன் வைத்து அளந்து பார்த்தாயிற்றா என்று நோயாளியே கேட்கலாம். இருதய பைபாஸுக்காகவோ நரம்புச் சுருட்டலுக்காகவோ முன்பே அந்த நாளத்தை எடுத்திருந்தால், அதை முதல் நாளே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.