குதிரையும் ஓர் அமானிதம்



நுவரெலியாவுக்குப் போனவர்கள் கிறகரி வாவிக் கரையில் பிள்ளையை மட்டக்குதிரையில் ஏற்றிப் படம் எடுத்திருப்பீர்கள். ஒருவர் கயிற்றைப் பிடித்து நடக்க, பிள்ளை சிறிது தூரம் போய் வந்து இறங்கிவிடும். அது பொழுதுபோக்கு. முறையான பயிற்சி எப்படியிருக்கும் என்பதை இங்கிலாந்தின் கிராமப்புறங்களில் காணலாம். அங்கே குடியேறிய உங்கள் உறவினருக்கும் இது பயன்படும்.

அங்கே குடும்பங்களே நடத்தும் குதிரைப் பண்ணைகள் பல உள்ளன. வீட்டார் சவாரி கற்றுக் கொடுப்பர், லாயத்தையும் கவனிப்பர். குதிரை இருந்தும் அதைக் கட்டி வைக்க இடமில்லாதவர்கள் மாதக் கட்டணம் செலுத்தி அங்கே விட்டுவைப்பதுமுண்டு. முழுப் பராமரிப்பையும் பண்ணையிடம் ஒப்படைக்கலாம். செலவைக் குறைக்க விரும்புவோர் காலையும் மாலையும் தாமே வந்து தீனி வைத்து, லத்தி அள்ளிப் போவார்கள்.

நல்ல பண்ணையில் பயிற்சி தரையிலேயே ஆரம்பிக்கும். குதிரைக்கு நேர் பின்னால் நிற்பவரைத் தெரியாது, திடுக்கிட்டால் உதைக்கும். எனவே தோள் பக்கமாக, பேசிக்கொண்டே நெருங்கப் பிள்ளை பழக வேண்டும். பிறகு உடலைத் துலக்குவது, குளம்பில் சிக்கிய கல்லை எடுப்பது. ஐந்நூறு கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்குச் சுமார் 10 கிலோ உலர்ந்த புல் வேண்டும். அதனால் வாந்தியெடுக்க முடியாது. தீனி ஒவ்வாமல் வரும் வயிற்று வலி உயிரையே பறிக்கலாம். 6 முதல் 8 வாரங்களுக்கு ஒரு தடவை குளம்பு சீவ வேண்டும். இவற்றைக் கையால் செய்து பழகும் பிள்ளை, வாயில்லா ஜீவனுக்கும் உரிமையுண்டு என்பதை உணரும்.

இந்த உழைப்பு நமக்குப் புதிதா? அஸ்மா பின்த் அபீபக்ர் (ரழி) அவர்கள் கணவர் ஸுபைர் (ரழி) அவர்களின் குதிரைக்குத் தாமே தீனி வைத்தார்கள், தண்ணீர் இறைத்தார்கள், தூரத்து நிலத்திலிருந்து பேரீச்சங் கொட்டைகளைத் தலையில் சுமந்து வந்தார்கள். பின்னர் தந்தை ஒரு பணியாளை அனுப்பியபோது, தமக்கு விடுதலை கிடைத்தது போலிருந்ததாகக் கூறினார்கள். இச்செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. குதிரை வளர்ப்பு எவ்வளவு பாரமானது என்பதை அந்த உம்மத்தின் தாய்மார் அறிந்திருந்தார்கள்.

“பொம்பிளைப் பிள்ளைக்குக் குதிரை எதற்கு?” என்று கேட்பவர்களும் உண்டு. 2019 ஆகஸ்ட் மாதம் இங்கிலாந்தின் குட்வுட்டில், தர்மப் பணிக்காக நடந்த மெக்னோலியா கிண்ண ஓட்டத்தில் ஹிஜாப் அணிந்து வென்ற கதீஜா மெல்லாவுக்கு அப்போது வயது 18. பள்ளிவாசலில் உம்மாவின் கையில் கிடைத்த ஒரு துண்டுப் பிரசுரமே அவரை லண்டன் பிரிக்ஸ்டனிலுள்ள குதிரை நிலையத்துக்குக் கொண்டு சேர்த்தது. நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைகளை ஓடவிட்டுப் போட்டி நடத்தியிருக்கிறார்கள். பணம் கட்டிச் சூதாடுவதுதான் ஹராம், சவாரியல்ல.

பண்ணையைத் தெரிவு செய்யும்போது கட்டணத்தை மட்டும் கேட்காதீர்கள். உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதிப்பத்திரம் உண்டா என்று பாருங்கள்; இங்கிலாந்தில் சவாரிப் பள்ளிக்கு அது கட்டாயம். பெண் ஆசிரியை இருக்கிறாரா என விசாரியுங்கள். பிள்ளைக்குப் பொருத்தமான தலைக்கவசம், குதியுள்ள சப்பாத்து, நீண்ட காற்சட்டை அவசியம். கவசத்தினுள் ஊசி குத்தாத மெல்லிய ஸ்கார்ஃப் போதும். அதன் நுனி தொங்கக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாகக் குதிரையைப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டி சுத்தமா? முதுகில் சேணம் உரசிய புண் உண்டா? விலா எலும்பு துருத்துகிறதா? குதிரையைப் பட்டினி போடும் இடத்தில் உங்கள் பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்?

அடுத்த விடுமுறைக்கு நுவரெலியா போனாலும், பிள்ளையைத் தூக்கி ஏற்றுமுன் அந்த மட்டக்குதிரையின் முதுகை ஒரு தடவை பாருங்கள். புண் இருந்தால் ஏற்றாதீர்கள். ஏன் ஏற்றவில்லை என்பதையும் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள்.