நூற்றுக்கு எத்தனை?

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றியவர் நம் முன்னோர். ஆயினும் இலக்கியம் பயிலும் மாணவருட் பலர் எழுத்தைத் தழுவி எண்ணை ஒதுக்குகின்றனர். செய்தித்தாள்களில் நாடோறும் காணப்படும் சதவீதக் கணக்கின் இயல்பை அறிதல் அவர்க்கும் இன்றியமையாததாம். அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

ஒரு தொகுதியை நூறு சமபங்குகளாகப் பகுத்ததாகக் கருதி, அதனுள் அடங்கிய ஒரு பகுதி அப்பங்குகளுள் எத்தனைக்கு ஒப்பாகும் என உரைப்பதே சதவீதம். பகுதியை முழுமையால் வகுத்து, ஈவை நூறால் பெருக்கின் விடை கிட்டும். நம் பழங்கணக்கில் கால் என்பது நூற்றுக்கு 25, அரைக்கால் 12½, இருபதில் ஒன்றாகிய மா 5. பல்வேறு பெயர் பூண்ட இப்பின்னங்களையெல்லாம் நூறு என்னும் ஒரே கோலால் அளத்தலின், ஒன்றோடொன்றை ஒப்பிடுதல் எளிதாகின்றது.

திருக்குறளையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதன் அதிகாரங்கள் 133. அவற்றுள் அறத்துப்பால் 38, பொருட்பால் 70, காமத்துப்பால் 25. 38ஐ 133ஆல் வகுத்து நூறால் பெருக்க 28.57 வரும். அவ்வாறே பொருட்பால் 52.63, காமத்துப்பால் 18.80. மூன்றையும் கூட்டின் சரியாக 100 ஆதல் கணக்குப் பிழைபடாமைக்குச் சான்று. நூலிற் பாதிக்கு மேற்பட்டது பொருட்பால் என்பதும் இதனால் ஒரு நோக்கில் விளங்கும்.

இனி, பொருட்பாலுள் அரசியல் என்னும் இயல் 25 அதிகாரங்களையுடையது எனப் பரிமேலழகர் வகுப்பர். இது நூற்றுக்கு எத்தனை? பொருட்பாலை முழுமையாகக் கொள்ளின் 35.71, நூலனைத்தையும் கொள்ளின் 18.80. இரண்டும் மெய்யே. பகுதி மாறவில்லை, முழுமையே மாறிற்று. எனவே, எதனுள் நூற்றுக்கு எத்தனை என்று கூறாத சதவீதம் பொருளற்ற சொல்லாம்.

நூலளவில் நின்ற இவ்வுண்மை மக்களை எண்ணுமிடத்துப் பெரும்பயன் விளைப்பது. 2011ஆம் ஆண்டின் மக்கட்கணக்கின்படி தமிழ்நாட்டு மக்கள் 7,21,47,030 பேர். எழுத்தறிந்தோர் 5,18,37,507 பேர். இவ்விரண்டையுங் கொண்டு கணக்கிடின் நூற்றுக்கு 71.85 வரும். ஆனால் அரசினர் வெளியிட்ட விகிதமோ 80.09. இவ்வேறுபாடு யாங்ஙனம் வந்தது? ஏழாண்டு நிரம்பாத 74,23,832 குழந்தைகளை நீக்கி, எஞ்சிய 6,47,23,198 பேரையே அவர்கள் முழுமையாகக் கொண்டனர். எழுத்தறிவை எதிர்பார்க்கலாகாத குழவிகளைக் கல்லாதாரோடு சேர்த்தல் முறையன்று. ஆதலின் இது நேரிய கணக்கே. எனினும், ஓர் ஆண்டிற் குழந்தைகளை நீக்கியும் மற்றோர் ஆண்டிற் சேர்த்தும் கணக்கிட்டு, அவ்விரண்டையும் ஒப்பிட்டு வளர்ச்சி பேசுதல் பெரும்பிழையாம்.

மற்றொன்றும் கருதற்பாலது. நூற்றுக்கு எண்பதின்மர் கற்றனர் எனக் கேட்பார் உள்ளம் மகிழ்ந்து அமையும். எஞ்சிய 19.91 சதவீதம் சிறிதாகவே தோன்றும். அதனைத் தலைக்கணக்காக மாற்றுவோமாயின் 1,28,85,691 பேர் ஆவர்! கடிதத்தைப் பிறர் படிக்கக் கேட்டும், பத்திரத்திற் பெருவிரல் பதித்தும் வாழ்ந்தோர் எத்துணையர் இத்தொகையுள் அடங்குவர்! ஆடவருள் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 86.77, பெண்டிருள் 73.44 என்பதனால் இக்குறை பெண்டிரையே மிகுதியும் பற்றியது என்பதும் புலனாம்.

சதவீதம் ஒப்பிடுதற்கு உதவும். தொகையோ செய்யக் கிடக்கும் பணியின் அளவைக் காட்டும். ஆகவே, நூற்றுக்கு இத்தனை என எவரேனும் உரைப்பின், முழுமை யாது, அதனின்று நீக்கப்பட்டோர் யாவர், எஞ்சியோர் எத்தனை பேர் என்னும் மூன்று வினாக்களையும் வினவுதல் கற்றார் கடனாம். எண்ணின் பின் நிற்கும் மக்களைக் காண்பதே எண்ணறிந்ததன் பயன்.