பாலத்தின் இருபுறமும் பிரிந்த சந்தை

புக்கிட் பாத்தோக் குன்றின் கிழக்கு அடிவாரத்தில், மேல் புக்கிட் தீமா சாலையை நோக்கியவாறு பழைய கட்டடம் ஒன்று நிற்கிறது. ஃபோர்டு நிறுவனம் 1941இல் கட்டி முடித்த மோட்டார் வண்டித் தொழிற்சாலை அது. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் ஆங்கிலத் தளபதி பெர்சிவல் ஜப்பானியத் தளபதி யமஷிட்டாவிடம் சரணடைந்த இடமும் அதுவே. இன்று அது போர்க்கால வரலாற்றைக் கூறும் காட்சியகமாக விளங்குகிறது. மாணவரை அங்கே அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் பெரும்பாலும் சரணடைந்த கதையைச் சொல்லித் திரும்பிவிடுகின்றனர். அக்கட்டடத்திற்கு மற்றுமொரு கதை உண்டு. போருக்குப் பின்னும் பல்லாண்டு வண்டிகளை உருவாக்கிய அவ்வாலை 1980இல் மூடப்பட்டது. அதன் முடிவைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்த வரலாற்றை வாணிகக் கண்கொண்டு பார்த்தல் வேண்டும்.

முதலில் சில சொற்களைத் தெளிவு செய்துகொள்வோம். ஒரு நாடு தன் எல்லைக்குள் வரும் பிறநாட்டுப் பொருள்மீது விதிப்பது சுங்கவரி. வருவாய்க்காக விதிப்பதும் உண்டு. உள்நாட்டுத் தொழிலைப் போட்டியினின்று காப்பதற்காக விதிப்பதும் உண்டு. இரண்டாவது வகையைக் காப்புவரி என்பர். சில நாடுகள் தமக்குள் சுங்கவரியை நீக்கிக்கொண்டு, வெளியாரிடம் அவரவர் விருப்பப்படி வரி வாங்கினால் அது தடையிலா வாணிக ஏற்பாடு. தமக்குள் வரியை நீக்கியதோடு, வெளியாருக்கு எல்லாரும் ஒரே அளவு வரி விதித்தால் அது சுங்க ஒன்றியம். பொருளோடு உழைப்பும் முதலும் தடையின்றிச் சென்று வருமாயின் அதனைப் பொதுச் சந்தை எனலாம்.

சிங்கப்பூரின் சிக்கல் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. 1819இல் ராஃபிள்ஸ் கால்வைத்த நாள்தொட்டு அது வரியற்ற துறைமுகமாக வளர்ந்தது. இந்தியத் துணி, இந்தோனேசிய மிளகு, மலாயா ரப்பர் ஆகியவை அங்கே வந்து இறங்கி, தரம் பிரிக்கப்பட்டு, மீண்டும் கப்பலேறின. இடைநின்று வாங்கி விற்கும் இவ்வாணிகத்திற்குச் சுங்கவரி நஞ்சு. வரி கட்டி இறக்கிய சரக்கை மறுபடி ஏற்றுமதி செய்வதில் எவருக்கு ஆதாயம்? ஆனால் இவ்வாணிகம் மட்டும் பெருகிவரும் மக்கள்தொகைக்கு வேலை தரப் போதவில்லை. தொழிற்சாலைகள் வேண்டும், அவற்றின் சரக்கை விற்கச் சந்தை வேண்டும். சிங்கப்பூரின் மக்கள்தொகை 1965இல் ஏறத்தாழ 19 இலட்சம். மலேசியா முழுவதையும் சேர்த்தால் அது ஒரு கோடியைத் தாண்டிய சந்தை.

ஆயினும், மலாயாவுக்குச் சிங்கப்பூர் அயல் நிலமாகவே இருந்தது. ஜோகூர் பாலத்தைக் கடந்த சிங்கப்பூர்ப் பொருளுக்கு அக்கரையில் வரி விழுந்தது. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்ப்போம். சிங்கப்பூரில் தைத்த சட்டை ஒன்றின் அடக்கவிலை 5 வெள்ளி என்றும், அக்கரையில் நூற்றுக்கு 25 வரி என்றும் வைத்துக்கொண்டால், குளுவாங் கடைக்குப் போய்ச் சேரும்போதே அதன் விலை 6 வெள்ளி 25 காசு. கோலாலம்பூரில் அதே சட்டையை 6 வெள்ளிக்குத் தைப்பவர், திறமை குறைந்தவராயினும், போட்டியில் வென்றுவிடுவார். இந்த வேலியை நீக்குவதே மலேசியாவில் இணைவதற்குச் சிங்கப்பூர்த் தலைவர்கள் கூறிய பொருளாதாரக் காரணங்களில் தலையாயது.

1963 ஜூலை 9ஆம் நாள் இலண்டனில் கையெழுத்தான மலேசிய உடன்பாட்டின் பிற்சேர்க்கையொன்றில் பொதுச் சந்தை உறுதிசெய்யப்பட்டது. பதிலுக்குச் சிங்கப்பூரில் திரளும் கூட்டரசு வருவாயில் நூற்றுக்கு 40 பங்கு நடுவணரசுக்குச் செல்வது என்றும், சபா, சரவாக் மாநிலங்களின் வளர்ச்சிக்குச் சிங்கப்பூர் 150 மில்லியன் வெள்ளி கடன் தருவது என்றும் முடிவாயிற்று. அதே ஆண்டில் ஷாக் ருயெஃப் என்னும் பிரெஞ்சு அறிஞர் தலைமையில் உலக வங்கி அனுப்பிய குழு, பொதுச் சந்தையைப் படிப்படியாக அமைக்கலாம் என்று அறிக்கை தந்தது. மறு ஏற்றுமதி வாணிகம் கெடாதவாறு, உள்நாட்டில் ஆக்கப்படும் பொருள்களுக்கு மட்டும் ஒருமித்த காப்புவரி விதித்துத் தொடங்கலாம் என்பதே அதன் வழி.

1963 செப்டம்பர் 16இல் மலேசியா பிறந்தது. ஆனால் பொதுச் சந்தை பிறக்கவில்லை. அரசியல் வேற்றுமைகள் ஒருபுறம் வளர்ந்தன. மறுபுறம் வருவாய்ப் பங்கை 40இலிருந்து 60ஆக உயர்த்தவேண்டும் என்று கூட்டரசு நிதியமைச்சர் டான் சியூ சின் கேட்டார். சிங்கப்பூரின் நிதியமைச்சர் கோ கெங் சுவீ அதனை மறுத்தார். இவற்றிற்கிடையே, மலேசிய அமைப்பை எதிர்த்த இந்தோனேசியா 1963 செப்டம்பரில் வாணிக உறவைத் துண்டித்தது. சிங்கப்பூரின் பழைய மறு ஏற்றுமதி வாணிகத்திலும் பெரும்பகுதி முறிந்தது. பழைய வாணிகம் சுருங்கிய வேளையில் புதிய சந்தையும் திறக்காமற் போயிற்று.

1965 ஆகஸ்ட் 9இல் பிரிவு வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னர்க் கையெழுத்தான பிரிவு உடன்பாடு, பொதுச் சந்தை பற்றிய பிற்சேர்க்கையை வெளிப்படையாக நீக்கிவிட்டது. எனவே, சிங்கப்பூர் பொதுச் சந்தையை இழந்தது என்று சொல்வது முற்றிலும் பொருந்தாது. கையில் இருந்த சந்தை அன்று அது; வரப்போவதாக நம்பி, அதற்கெனத் தொழிற்சாலைகளுக்கு இடமும் வகுத்துவைத்த சந்தை. இந்த வேறுபாட்டை மனத்திற் கொண்டால் பின்விளைவுகள் தெளிவாகும்.

முதல் விளைவு பொருள்களில் தோன்றியது. இரு நாடுகளும் தத்தம் தொழில்களைக் காக்க முற்பட்டன. ஒரே சந்தையில் ஒன்றாக நின்றிருக்க வேண்டிய ஆலைகள், வரிவேலியின் இருபுறமும் இரட்டையாக எழுந்தன. மோட்டார் வண்டித் தொழில் இதற்கு நல்ல சான்று. வண்டி பொருத்தும் ஆலைக்கு ஆயிரக்கணக்கில் விற்பனை இருந்தால்தான் கட்டும். மலேசியா 1967இல் தன் மண்ணிலேயே வண்டி பொருத்தும் ஆலைகளுக்கு ஒப்புதல் தந்தது. புக்கிட் தீமா ஆலைக்கு எஞ்சியது ஒரு சிறு தீவின் சந்தை. காப்புவரியின் துணையால் சில காலம் தொழில் நடந்தது. அக்காப்பின் விலையை வண்டி வாங்கியவர்களே கட்டினர். 1980இல் அரசு அக்காப்பை விலக்க முற்பட்டது. அவ்வாண்டிலேயே ஆலையும் கதவடைத்தது.

இரண்டாவது விளைவு பணத்தில் தோன்றியது. பிரிவுக்குப் பின்னும் இரு நாடுகளுக்கும் ஒரே நாணயம் வழங்கியது. பொதுவான நடுவண் வங்கி பற்றி நடந்த பேச்சு 1966இல் முறிந்தது. 1967 ஜூன் 12ஆம் நாள் மலேசியா, சிங்கப்பூர், புருணை ஆகிய மூன்றும் தனித்தனி நாணயம் வெளியிட்டன. ஒரு வெள்ளிக்கு ஒரு வெள்ளி என்ற சமமதிப்பு மட்டும் 1973 மே 8ஆம் நாள்வரை நீடித்து, மலேசியா விலகியதால் அந்நாட்டளவில் முடிவுற்றது. அதுவரை சிங்கப்பூரில் உழைத்து ஜோகூரில் குடும்பத்தை வைத்திருந்தவர்க்கு நாணய மாற்று என்ற கவலையே இல்லை. பின்னர் மாற்று விகிதம் என்பது வீட்டுச் செலவுக் கணக்கிலும் ஓர் இனமாயிற்று.

மூன்றாவது விளைவு மக்கள்மீது விழுந்தது. 1965இன் இறுதியில் இயற்றப்பட்ட சட்டத்தால் குடியுரிமை இல்லாதோர் சிங்கப்பூரில் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெறவேண்டியதாயிற்று. 1967இல் பாலத்தில் கடவுச்சீட்டுச் சோதனை வந்தது. நேற்றுவரை ஒரே ஊராகப் புழங்கிய உறவினர் இரு நாட்டுக் குடிகளாயினர். இதே வேளையில் மற்றோர் அடியும் விழுந்தது. பிரிட்டன் தன் படைத்தளங்களை விலக்கிக்கொள்வதாக 1968 ஜனவரியில் அறிவித்தது. சிங்கப்பூரின் நாட்டு வருவாயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அத்தளங்களையொட்டி வந்ததாகும். செம்பவாங் கடற்படைத் தளத்தில் தமிழரும் மலையாளிகளும் மிகுதியாக வேலை பார்த்தனர். அவர்களுள் பலர் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறினர்.

இத்தனை இடர்களுக்கிடையே சிங்கப்பூர் மீண்டது எவ்வாறு? சிறிய உள்நாட்டுச் சந்தையைக் காப்புவரியால் அடைகாப்பதை விட்டு, உலகச் சந்தைக்குப் பொருள் செய்வது என்று அது கொள்கையைத் திருப்பியது. அதற்கான கருவிகள் முன்பே ஓரளவு ஆயத்தமாயிருந்தன. டச்சுப் பொருளியலறிஞர் ஆல்பர்ட் வின்செமியஸ் தலைமையில் ஐக்கிய நாட்டுக் குழு 1960இல் வந்து ஆராய்ந்திருந்தது. 1961இல் பொருளியல் வளர்ச்சிக் கழகம் தோன்றி, சதுப்பு நிலமாயிருந்த ஜூரோங்கைத் தொழிற்பேட்டையாக்கத் தொடங்கியிருந்தது. 1967இல் வந்த சட்டம் ஏற்றுமதியால் கிடைத்த இலாபத்திற்கு வருமான வரியை நூற்றுக்கு 40இலிருந்து 4ஆகக் குறைத்தது. அமெரிக்க, ஐரோப்பிய, ஜப்பானிய நிறுவனங்கள் வந்தன. 1972இல் தஞ்சோங் பகாரில் கொள்கலன் துறைமுகம் திறக்கப்பட்டது.

இந்த மீட்சிக்கு விலை இல்லாமலில்லை. 1968இன் வேலைச் சட்டம் விடுமுறை நாள்களையும் கூடுதல் நேர வேலைக்கான சலுகைகளையும் குறைத்தது. தொழிலாளர் தம் சலுகைகளை விட்டுக்கொடுத்தே தொழிற்சாலைகளை வரவழைத்தனர் என்பதை வரலாற்றுப் பாடத்தில் மறைத்தல் ஆகாது.

‘பிரிந்ததால் சிங்கப்பூர் வளம்பெற்றது’ என்று இன்று பலர் எளிதாகக் கூறுகின்றனர். மாணவர் கட்டுரைகளிலும் இவ்வரி அடிக்கடி இடம்பெறுகிறது. இது காரணத்தையும் காலத்தையும் குழப்பும் கூற்று. பிரிவு ஒரு கதவை அடைத்தது, அவ்வளவே. அக்காலத்தில் மேலைநாட்டு நிறுவனங்கள் குறைந்த கூலியுள்ள இடங்களைத் தேடித் தம் ஆலைகளைக் கடல் கடந்து அமைக்கத் தொடங்கியிருந்தன. உலக வாணிகமும் விரைந்து வளர்ந்தது. பெரிய கதவு திறந்திருந்த வேளையில் சிறிய கதவு அடைபட்டது. கதவு அடைபட்டதே வளத்திற்குக் காரணம் என்பது, மழை பெய்த ஆண்டில் வரப்பு உடைந்தவன், வரப்பு உடைந்ததால் நெல் விளைந்தது என்பதைப் போன்றது.

மலேசியாவின் பக்கத்தையும் நோக்கவேண்டும். தன் ரப்பரையும் தகரத்தையும் சிங்கப்பூர் வழியாக அனுப்பிவந்த அந்நாடு, தன் துறைமுகங்களை வளர்க்க முனைந்தது. சுவெட்டன்ஹாம் துறைமுகம் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர்பெற்று விரிந்தது. 1970களில் பாசிர் கூடாங்கிலும், பின்னர்த் தஞ்சோங் பெலபாசிலும் துறைமுகங்கள் எழுந்தன. 2000இல் மெர்ஸ்க் என்னும் டேனிஷ் கப்பல் நிறுவனம் தன் தென்கிழக்காசியச் சரக்கு மாற்றத்தைச் சிங்கப்பூரிலிருந்து பெலபாசுக்கு மாற்றியது. தனக்கென்று ஆற்றலைத் தேடிக்கொண்டதில் மலேசியாவுக்கு நன்மை உண்டு. ஆயினும் ஒரு துறைமுகம் செய்யக்கூடிய வேலைக்கு அண்டை அண்டையாகப் பல துறைமுகங்களில் முதல் முடங்கியதும் உண்மை.

அண்மைக் காலத்தில் உலகம் கண்ட பெரிய பிரிவு, பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியதாகும். 2016இல் மக்கள் வாக்களித்து, 2020 ஜனவரி 31இல் விலகி, அவ்வாண்டின் இறுதிவரை பழைய விதிகளிலேயே நின்று, பின்னர்ப் புதிய உடன்பாட்டின்படி அந்நாடு வாணிகம் செய்கிறது. சிங்கப்பூருக்கு அத்தகைய இடைக்காலம் வாய்க்கவில்லை. பிரிட்டன் செய்துகொண்ட உடன்பாட்டில் சுங்கவரி இல்லை. ஆனால் பொருள் எங்கே பிறந்தது என்று மெய்ப்பிக்கும் சான்றும், எல்லைச் சோதனையும், படிவங்களும் உண்டு. பெரிய நிறுவனம் அதற்கென எழுத்தர்களை அமர்த்திக்கொள்ளும். சிறு வணிகன் வாணிகத்தையே விட்டுவிடுவான். வரி நீங்கினாலும் வேலி நீங்குவதில்லை என்பது இதனால் விளங்கும்.

புக்கிட் பாத்தோக்கின் அருகே பிரிவின் மற்றொரு சான்றும் உண்டு. பழைய ஃபோர்டு ஆலைக்கு எதிர்ப்புறம், சாலைக்கு அப்பால், மலாயா இரயில் பாதை சென்றது. அதிலிருந்து ஒரு கிளைப் பாதை 1960களின் நடுவில் ஜூரோங் தொழிற்பேட்டைக்கு அமைக்கப்பட்டது. ஜூரோங் ஆலைகளின் சரக்கை இரயில்வழி தீபகற்பத்தோடு இணைக்கவல்லது அது. ஆனால் ஆலைகள் கப்பலை நோக்கித் திரும்பிவிட்டன. கிளைப் பாதை 1990களின் தொடக்கத்தில் ஓய்ந்தது. 2011 ஜூலை முதல் மூலப் பாதையிலும் இரயில் ஓடுவதில்லை. இன்று மக்கள் அங்கே காலையில் உலவுகின்றனர்.

ஆனால் வாணிகத்தின் தேவை மாய்ந்துவிடவில்லை. ஜோகூர், சிங்கப்பூர் சிறப்புப் பொருளியல் வட்டாரம் அமைக்கும் உடன்பாட்டை இரு அரசுகளும் 2025 ஜனவரி 7ஆம் நாள் செய்துகொண்டன. பொருளும் ஆளும் பாலத்தை எளிதிற் கடக்க வழிசெய்வது அதன் நோக்கங்களுள் ஒன்று. 1963இல் ஒரு பிற்சேர்க்கையில் எழுதி, 1965இல் ஒரு வரியில் நீக்கியதன் சிறு பகுதியை, இரண்டு தனி நாடுகளாக நின்று அவை மீண்டும் கட்டத் தொடங்கியிருக்கின்றன. கொடி பிரிய ஒரு நாள் போதும். பிரிந்த சந்தையைத் தைத்துச் சேர்க்க இரண்டு தலைமுறையும் போதாது. அடுத்தமுறை அப்பழைய ஆலைக்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர், சரணடைந்த அறையைக் காட்டிய பின், வண்டிகள் வெளிவந்த வாயில் ஏன் மூடியது என்றும் வினவுவாராக.